பாதுகாப்புப் பயிற்சியைப் பல்கலைக்கழகத்திடம் விட்டுவிடலாமா?

#1 பழைய ஹெல்மெட்

வணக்கம். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தால் 600 பேருக்கு மேல் இருக்கிறோம். இதுவரை பயிற்சியெல்லாம் நாங்களே நடத்திக்கொண்டோம். இப்போது மொத்தத்தையும் ஒரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். தொழிலாளர்களுக்கு ஐந்து நாள் வகுப்பு, மேற்பார்வையாளர்களுக்கு ஆறு மாத டிப்ளமோ, முடிவில் முத்திரை குத்திய சான்றிதழ். தணிக்கைக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்ட அழகாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

வெள்ளோட்டமாகப் போன மாதம் ஒரு நாள் வகுப்பு நடந்தது. வந்தவர் நன்றாகப் படித்தவர், பேச்சும் தெளிவு. 92 ஸ்லைடு. மதியத்துக்கு மேல் லாக் அவுட் பற்றி எடுத்தார். பழுது பார்க்கும்முன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட வேண்டும், சீட்டுத் தொங்கவிட வேண்டும். எல்லாம் சரிதான். பின்வரிசையிலிருந்து ஒரு ஃபிட்டர் கை தூக்கினார். "சார், ஒரே மெஷினுக்குள் நாங்கள் நாலு பேர் இறங்குவோம். பூட்டு யார் போடுவது?" அவர் யோசிக்கவே இல்லை. "உங்கள் சூப்பர்வைசர்" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த வகுப்பை யாரும் கேட்கவில்லை, உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் படிப்புக்கு எதிரி இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது? அடுத்த வாரம் நிர்வாகத்திடம் பதில் சொல்லியாக வேண்டும்.

#2 மூன்றாம் ஷிஃப்ட்

ஹெல்மெட் சார், அந்தப் பின்வரிசை ஆள் நானாக இருந்திருந்தாலும் சிரித்திருப்பேன்.

நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. ஒரே சுவிட்சில் பல பூட்டு மாட்ட ஹாஸ்ப் என்று ஒரு கொக்கி இருக்கிறது, அதில் ஆறு ஓட்டை இருக்கும். அவரவர் பூட்டை அவரவர் மாட்டி, சாவியை அவரவர் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று பேர் வெளியே வந்து பூட்டைக் கழற்றினாலும், நாலாவது ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும் மெஷின் ஓடாது. சூப்பர்வைசர் ஒரே பூட்டைப் போட்டால், உள்ளே இருப்பவன் உயிர் அவருடைய ஞாபகசக்தியை நம்பி இருக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

பூட்டியதும் முடியவில்லை. ஸ்டார்ட் பட்டனை ஒரு தரம் அழுத்திப் பார்க்க வேண்டும். தப்பான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும். கரண்ட் போனாலும் காற்றழுத்தம், ஹைட்ராலிக் அழுத்தம், இழுத்து நிற்கிற ஸ்பிரிங், மேலே தொங்குகிற பாரம் எல்லாம் அப்படியே இருக்கும். அதையும் இறக்க வேண்டும்.

22 வருடமாக இந்த வேலை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எட்டாவது தாண்டாதவர். பூட்டில் பேரை நெயில் பாலிஷால் எழுதச் சொன்னார். பெயிண்ட்டில் எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடுமாம். எந்தப் பல்கலைக்கழகத்தில் நெயில் பாலிஷ் பாடம் இருக்கிறது?

#3 வேதிமேசை

ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை யாராவது எடுத்து வீசும்முன் நானே வந்துவிடுகிறேன். நான் வேதிப் பொறியியல் சொல்லிக் கொடுக்கிறவன். ஷிஃப்ட் அண்ணன் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அந்த விரிவுரையாளர் "எனக்குத் தெரியாது, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டிருந்தால் வகுப்பு பிழைத்திருக்கும்.

ஆனால் நாம் கேள்வியையே கொஞ்சம் தப்பான இடத்தில் வைத்திருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்புப் பயிற்சி என்றதும் ஏன் எல்லாருக்கும் தொழிலாளி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறார்? மெஷினை வரைந்தவனுக்கு, பாய்லருக்கு வால்வு அளவு கணக்குப் போட்டவனுக்கு யார் பயிற்சி கொடுத்தது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2007 டிசம்பர் 19, அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம். டி2 லேபரட்டரீஸ் என்ற சின்ன நிறுவனம் பெட்ரோலில் கலக்கும் ஒரு பொருளைத் தயாரித்தது. கலனில் வினை நடக்கும்போது சூடு ஏறும், வெளியே சுற்றியிருக்கும் உறையில் தண்ணீர் விட்டுக் குளிர வைப்பார்கள். அன்று ஓடியது 175ஆவது தடவை. குளிர்விப்பு நின்றுபோனது, மாற்று ஏற்பாடு கிடையாது. சூடு ஒரு எல்லையைத் தாண்டியதும், அவர்கள் எதிர்பார்க்காத இரண்டாவது வினை ஒன்று உள்ளே தொடங்கியது. சோடியமும் கரைப்பானும் வினைபுரிந்தன. கலன் வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள், 32 பேருக்குக் காயம்.

நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேதியியல் படித்தவர், இன்னொருவர் வேதிப் பொறியாளர். இறந்தவர்களில் அந்தப் பொறியாளரும் ஒருவர். வினை கைமீறி ஓடுமென்பதோ, ஓடினால் என்ன ஆகுமென்பதோ அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணை. விசாரித்தது அந்நாட்டின் கெமிக்கல் சேஃப்டி போர்டு. 2009இல் வந்த அதன் அறிக்கையில் பட்டப்படிப்புக்கும் பரிந்துரை இருந்தது: வினை ஆபத்தை இளநிலைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று வேதிப் பொறியாளர் சங்கத்துக்கும், படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் 'ஏபெட்' அமைப்புக்கும் எழுதியது. அதன்பிறகு ஏபெட்டின் விதியும் மாறியது.

ஒரு தொழிற்சாலை வெடித்ததற்கு மருந்து, கல்லூரிப் பாடத்திட்டத்தில். பல்கலைக்கழகத்தின் முதல் வேலை இதுதான் என்பேன். வெளியே போய் வகுப்பெடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

#4 மூன்றாம் ஷிஃப்ட்

சரி சார், இது நியாயம். அப்படியென்றால் உங்கள் மாணவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள். வால்வை எட்டுகிற உயரத்தில் வையுங்கள். எங்கள் இடத்தில் தேங்கியதை வடிக்கிற ஒரு டிரெய்ன் வால்வு இருக்கிறது, குழாய் மேல் ஏறி நின்று ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் திறக்க முடியும். வரைபடத்தில் ரொம்ப அழகாக இருந்திருக்கும். வருடா வருடம் 'குழாய் மேல் ஏறாதே' என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

#5 கதவுத் தாழ்

சான்றிதழ் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லையே. விபத்து நடந்தால் "இவருக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று, கையெழுத்து இருக்கிறது, பாருங்கள்" என்று எடுத்து நீட்டத்தான். கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து தப்பு தொழிலாளியுடையது. பல்கலைக்கழக முத்திரை இருந்தால் இன்னும் விசேஷம்.

#6 பிப்பெட்

வேதிமேசை சார், மரியாதையோடுதான் கேட்கிறேன். பல்கலைக்கழகம் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு சொல்லித் தருவதற்கு முன்னால் தன் ஆய்வகத்தைத் திறந்து காட்டுமா?

நான் ஆராய்ச்சி மாணவி. சேர்ந்த முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு ஃபைலைக் கொடுத்தார்கள். 17 இடத்தில் கையெழுத்து. பத்து நிமிடத்தில் பயிற்சி முடிந்தது. நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியை ஃபியூம் ஹுட் என்போம். எங்கள் ஹுட்டின் கண்ணாடிக் கதவில் 'இதற்கு மேல் தூக்காதீர்கள்' என்று அம்புக்குறி ஒட்டியிருக்கிறது. அந்த அம்புக்கு ஒரு சாண் மேலே கதவு நிற்கும், கீழே ஒரு மரக்கட்டை செருகியிருக்கும். உள்ளே பாதி இடத்தில் காலி பாட்டில்கள். காற்று உள்ளே இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூ பேப்பர்த் துண்டைப் பிடித்துப் பார்த்தேன், அசையவே இல்லை. சொன்னேன். "நாங்களெல்லாம் இதில்தான் பட்டம் வாங்கினோம்" என்று பதில் வந்தது.

இது சும்மா புலம்பல் இல்லை. 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. மேலே லேப் கோட் இல்லை, செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்தார். இரண்டு மாதம் முன்புதான் அந்த ஆய்வகத்தைச் சோதித்தவர்கள் கோட் போடாமல் வேலை செய்கிறார்கள் என்று குறித்து வைத்திருந்தார்கள். பேராசிரியர் மேல் குற்ற வழக்கு வரை போனது.

அடுத்தது 2010 ஜனவரி, டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம். ஒரு வெடிபொருள் சேர்மத்தை 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். மாணவர்கள் சுமார் 10 கிராம் செய்தார்கள். அதாவது நூறு மடங்கு. அரைக்கும்போது வெடித்து ஒரு மாணவருக்கு மூன்று விரல் போயிற்று. வேதிமேசை சார் சொன்ன அதே போர்டுதான் இதையும் விசாரித்தது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் ஊழியர்களைத்தான் காக்கிறது, மாணவன் ஊழியன் இல்லை. பக்கத்து மேசையில் சம்பளம் வாங்கும் உதவியாளருக்கு இருக்கும் பாதுகாப்பு, கட்டணம் கட்டிப் படிக்கிறவனுக்குச் சட்டப்படி இல்லை.

இந்த ஆய்வகங்களிலிருந்து வெளியே வருகிறவர்கள்தான் நாளைக்கு ஷிஃப்ட் அண்ணா தொழிற்சாலையில் மேலாளர்கள். மரக்கட்டை வைத்துப் பழகியவர்கள்.

#7 வேதிமேசை

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. இன்று காலை எங்கள் துறையின் ஹுட்டுகளைப் போய்ப் பார்த்தேன். மரக்கட்டை இல்லை. மடித்த அட்டை இருந்தது.

#8 நாடி பிடிப்பவள்

என் துறையையும் இதில் இழுத்துவிட வேண்டும். நான் மருத்துவர்.

1700இல் இத்தாலியில் மோதெனா பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்தினோ ராமாட்சினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி முதல் முழு நூலை எழுதினார். மலக்குழி சுத்தம் செய்கிற ஒருவர் அவசர அவசரமாக வேலை பார்ப்பதைக் கண்டு, ஏன் இந்த வேகம் என்று அவர் கேட்டதில் தொடங்கியது அந்த ஆராய்ச்சி. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "உனக்கு என்ன தொழில்?" என்பதையும் சேர்த்துக் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். 300 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் படிப்பில் தொழில்சார் நோய்களுக்கு மூன்றே வகுப்பு. அதிலும் ஒன்று விடுமுறை நாளில் வந்து விழுந்தது.

அதன் விலையை ஒரு வெல்டர் கொடுத்தார். காய்ச்சல், குளிர், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை என்று ஒரு திங்கட்கிழமை இரவு வந்தார். ஃப்ளூ என்று மருந்து எழுதினேன். மறுநாளே சரியாகிவிட்டது, எனக்குப் பெருமைதான். மூன்று வாரம் கழித்து அதே திங்கள், அதே இரவு, அதே மருந்து. மூன்றாவது தடவை என்னோடு இருந்த ஒரு வயதான நர்ஸ்தான் கேட்டார், "என்னப்பா வேலை பார்க்கிறே?" துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்கிறார், மூடிய அறையில். அது உலோகப் புகைக் காய்ச்சல். அதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே ஒரு பெயர் உண்டு. வாரம் முழுக்கப் புகை பட்டு உடம்பு பழகிவிடும், விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப் போகும், முதல் வேலை நாளில் மறுபடி தாக்கும். அவருக்குத் தேவைப்பட்டது மாத்திரை இல்லை, புகையை இழுத்து வெளியேற்றும் குழாய்.

இன்னொன்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1919இல் முதல்முதலாக ஒரு பெண்ணை ஆசிரியராக நியமித்தது, ஆலிஸ் ஹாமில்டன். தொழில்சார் மருத்துவத்துக்காகத்தான். அதற்கு முன் பல வருடம் ஈயத் தொழிற்சாலைகளுக்குள் நடந்து, தொழிலாளர் வீடுகளுக்கும் போய் விசாரித்தவர். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் வேலை கொடுத்தார்கள். அவர் ஹார்வர்டில் கற்று ஆலைக்குப் போகவில்லை. ஆலையில் கற்றதால்தான் ஹார்வர்ட் கூப்பிட்டது. ஹெல்மெட் சார் கவனிக்க வேண்டிய திசை அதுதான்.

#9 பழைய ஹெல்மெட்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. டாக்டர் அம்மா சொன்ன வெல்டர் கதையை எங்கள் மருத்துவ அறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் என் மேசை மேல் இருக்கிற காகிதம் அப்படியே இருக்கிறது. ஐந்து நாள் வகுப்பு வேண்டுமா வேண்டாமா? எந்த மாதிரிப் பயிற்சி வேலை செய்கிறது என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

#10 அளவுகோல்

அளந்திருக்கிறார்கள், அதில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு உண்டு, அதனால் முழுதாகத் திட்டிவிடாதீர்கள்.

2006இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 1971 முதல் 2003 வரை நடந்த 95 ஆய்வுகள், கிட்டத்தட்ட 21,000 பேர். பயிற்சி முறைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: உரை, வீடியோ, துண்டறிக்கை ஒருபக்கம். கணினியில் கேள்வி கேட்டுத் திருத்தும் வகை நடுவில். கையால் செய்து பார்த்து, ஒருவருக்கொருவர் பேசி, திருத்தப்பட்டுக் கற்பது மறுபக்கம். கற்கிறவர் எவ்வளவு ஈடுபடுகிறாரோ அவ்வளவுக்கு அறிவும் கூடியது, விபத்தும் குறைந்தது. 92 ஸ்லைடு எந்தப் பக்கம் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2012இல் வந்த இன்னொரு மீளாய்வு இன்னும் கறார். பயிற்சியால் ஆட்களின் நடத்தை மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. பயிற்சி மட்டுமே காயத்தையும் நோயையும் குறைக்கிறது என்பதற்குப் போதுமான சான்று கிடைக்கவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. காவல் கம்பி இல்லாத கியரின் முன்னால் எவ்வளவு நன்றாகப் பயிற்சி பெற்றவனும் ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் நிற்பான். ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் அடைத்து வை. பயிற்சியும் விதிமுறையும் அதற்குக் கீழே, கையுறையும் முகமூடியும் கடைசியில். இந்த வரிசை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நடைமுறையில் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகிறோம், ஏனென்றால் அது மலிவு.

தெரிந்திருப்பதும் செய்வதும் வேறு வேறு என்பதற்கு மூடிய தொட்டிகளைப் பாருங்கள். உள்ளே விழுந்தவனைக் காப்பாற்ற இறங்கியவர்கள்தான் இந்த வகைச் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1986இல் எழுதியது. 'கேஸ் டிடெக்டரை இறக்கிப் பார்க்காமல் உள்ளே போகாதே' என்று தேர்வில் சரியாக எழுதியவன்கூட, கூட்டாளி கண்முன்னே சரிந்தால் இறங்கிவிடுகிறான். அந்த நேரத்தில் கால் தானாக நிற்க வேண்டுமென்றால் ஒத்திகை வேண்டும். அதை உங்கள் தொட்டி வாயில்தான் செய்ய முடியும், வகுப்பறையில் முடியாது.

#11 மூன்றாம் ஷிஃப்ட்

அளவுகோல் தம்பி, நாங்கள் சொன்னால் அனுபவம், நீங்கள் சொன்னால் ஆய்வு. போகட்டும், ஒரே பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் நீங்கள் அளந்து மட்டும் சொல்லாமல், எங்களுக்குத் தெரியாததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும் அல்லவா?

#12 பிப்பெட்

அண்ணா, அதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. கேரன் வெட்டர்ஹான், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர், நச்சு உலோகங்களில் நிபுணர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் ஒன்றிரண்டு சொட்டு அவர் கையுறை மேல் விழுந்தது. லேட்டக்ஸ் கையுறை போட்டிருந்தார், ஹுட்டுக்குள்தான் வேலை செய்தார், அன்றைய விதிப்படி எல்லாம் சரி. மாதங்கள் கழித்து நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. 1997 ஜூனில் இறந்தார். அதற்குள் கையுறையைச் சோதித்தார்கள். அந்தச் சேர்மம் லேட்டக்ஸை சில விநாடிகளில் ஊடுருவிவிடுகிறது. உடன் வேலை செய்தவர்கள் அதை உடனே எல்லாருக்கும் எழுதி எச்சரித்தார்கள்.

கையுறை கிழியாமலே உள்ளே போகும் என்பது அனுபவத்தில் தெரியாது. முதல் அனுபவமே கடைசி. யாராவது கருவி வைத்து அளந்து சொன்னால்தான் உண்டு.

#13 மூன்றாம் ஷிஃப்ட்

இதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஸ்டோரில் எல்லாக் கெமிக்கலுக்கும் ஒரே கையுறைதான். நாளைக்குக் கேட்கிறேன்.

#14 பழைய கொடி

தொழிற்சங்கத்தில் காலம் தள்ளியவன். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது.

1960களில் இத்தாலியில் தூரின் நகரம், ஃபியட் கார் ஆலை. இவார் ஒத்தோனே என்ற மருத்துவர், பிறகு தூரின் பல்கலைக்கழகத்தில் உளவியல் சொல்லிக் கொடுத்தவர், தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஒரே வேலையைச் செய்கிற குழுவுக்கு அந்த வேலையின் ஆபத்து வெளியாள் யாரையும் விட நன்றாகத் தெரியும் என்பது அடிப்படை. வெளிச்சம், சத்தம், வெப்பம் ஒரு வகை. தூசி, புகை, நச்சு இன்னொரு வகை. உடல் உழைப்பு மூன்றாவது. வேகம், சலிப்பு, பதற்றம் நான்காவது. இந்த நான்கையும் வைத்துத் தங்கள் பட்டறையின் ஆபத்து வரைபடத்தைத் தொழிலாளர்களே வரைந்தார்கள். நிபுணர் அதை அளக்க உதவினார், தீர்ப்புச் சொல்லவில்லை.

1973இல் உலோகத் தொழிலாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் 150 மணி நேரப் படிப்பு உரிமையை வாங்கினார்கள், சம்பளத்தோடு. அதை வைத்துப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒத்தோனே அங்கே ஒரு பயிற்சி வைத்தார். "நாளைக்கு உனக்குப் பதில் நான் வேலைக்குப் போகிறேன். உன்னைப் போலவே இருப்பேன். நான் வேறு ஆள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. என்ன செய்யவேண்டும், சொல்." எதிரில் இருக்கிற தொழிலாளி சொல்லச் சொல்ல, விதிப்புத்தகத்தில் இல்லாத வேலையெல்லாம் வெளியே வரும்.

1981இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் 155ஆவது உடன்படிக்கையில், உயர்கல்வி உட்பட எல்லாக் கல்வி நிலையிலும் பணியிடப் பாதுகாப்பைச் சேர்க்க நடவடிக்கை எடுங்கள் என்று எழுதியது, 14ஆவது பிரிவு. 2022இல் பாதுகாப்பான பணியிடத்தையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். காகிதத்தில் குறையில்லை. ஆனால் எனக்கு அந்தக் காகிதத்தை விடத் தூரின் கேள்விதான் பிடிக்கும். ஷிஃப்ட் தம்பி, நீங்கள் ஒரு தரம் முயன்று பாருங்களேன்.

#15 மூன்றாம் ஷிஃப்ட்

விளையாட்டாகத்தான் தொடங்கினேன் ஐயா. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

என் இடத்துக்கு நீ போகிறாய். பத்து நிமிடம் முன்னாலேயே போ. முன் ஷிஃப்ட்காரன் முகத்தைப் பார், அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தால் மெஷின் அன்றைக்கு நல்லபடி ஓடியிருக்கிறது, கை அழுக்காகவே பேசினால் ஏதோ இருக்கிறது. ஷிஃப்ட் குறிப்புப் புத்தகத்தில் எழுதாததைக் கேள். மூன்றாம் நம்பர் கன்வேயரில் சத்தம் சீராக இருக்கிறதா கேட்டுக்கொள். பேக்கிங் மெஷினுக்குப் போ. இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அட்டை சிக்கும். கதவைத் திறந்து இழுத்துவிடு. மெஷின் நிற்காது, பயப்படாதே. பின் கதவு சுவிட்சில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிடாதே. எடுத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் மெஷின் நிற்கும், திரும்ப ஓட்ட ஆறு நிமிடம் பிடிக்கும், கணக்கு குறையும், கணக்கு குறைந்தால்

இங்கே நிறுத்திவிட்டேன்.

22 வருட அனுபவம், நாலு பேருக்கு நாலு பூட்டு என்று மேலே பெரிதாக எழுதியவன் நான்தான். அந்தக் காந்தம் ஒட்டி மூன்று வருடம் இருக்கும். ஒட்டியது நான் இல்லை, ஆனால் போன மழைக்காலத்தில் கீழே விழுந்தபோது எடுத்து மறுபடி ஒட்டியது நான். இதுவரை அதை ஆபத்து என்றே நினைத்ததில்லை. மெஷினின் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டது.

#16 நாடி பிடிப்பவள்

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. நானும் ஃப்ளூ என்று மூன்று தரம் எழுதியவள்தான்.

#17 வேதிமேசை

இதற்காகத்தான் இந்தப் பேச்சே என்று நினைக்கிறேன். யாரும் தயவுசெய்து அவருக்கு உபதேசம் செய்ய வேண்டாம். கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற அந்த சுவிட்சை, அதாவது இன்டர்லாக்கை, காந்தம் வைத்து ஏமாற்றுவது உலகம் முழுக்க நடப்பது. இன்டர்லாக்குக்கான ஐஎஸ்ஓ 14119 என்ற சர்வதேசத் தரவிதியே, ஆள் ஏன் அதை ஏமாற்ற நினைப்பான் என்பதை வடிவமைக்கும்போதே யோசி என்கிறது.

தன் ஜோடியை மட்டும் அடையாளம் காணும், குறியீடு வைத்த சுவிட்ச் போட்டால் சாதாரணக் காந்தம் வேலை செய்யாது. ஆனால் அட்டை சிக்குவது நிற்காவிட்டால் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், நானாக இருந்தாலும் கண்டுபிடிப்பேன். அப்படியென்றால் உண்மையான கேள்வி இரண்டு. அட்டை ஏன் சிக்குகிறது? திரும்ப ஓட்ட ஏன் ஆறு நிமிடம் ஆகிறது? அட்டையின் ஈரப்பதமா, வழிகாட்டித் தகட்டின் கோணமா, வேகமா என்று பார்க்க இரண்டு மாணவர்கள், ஒரு கேமரா, ஒரு பருவம் போதும். இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஒவ்வொரு வருடமும் கணினியில் ஏதாவது மாதிரி செய்துகொண்டு வருகிறார்கள். இதைக் கொடுத்தால் பொறியாளராகவே வெளியே போவார்கள்.

உங்கள் ஆலை எது என்று எனக்குத் தெரிய வேண்டாம். பக்கத்தில் இருக்கிற ஏதாவது பொறியியல் துறையை உங்கள் ஆட்கள் அணுகினால் போதும்.

#18 கதவுத் தாழ்

நல்ல யோசனைதான், ஆனால் மாணவன் அறிக்கையில் 'காந்தம் இருந்தது' என்று எழுதுவான். அந்த அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும். மறுநாள் யாருக்கு மெமோ வரும்? தூரினில் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய உரிமை இருந்தது. இங்கே ஷிஃப்ட் அண்ணனுக்கு என்ன இருக்கிறது?

#19 பழைய கொடி

தாழ் கேட்பது சரியான கேள்வி. முதலில் எழுத்தில் வாங்குங்கள்: இந்த வேலையில் வெளிவரும் எதையும் வைத்து யார் மேலும் நடவடிக்கை கிடையாது, அறிக்கையில் ஆள் பெயரோ ஷிஃப்டோ வராது. அதற்குச் சம்மதிக்காத நிர்வாகத்திடம் பல்கலைக்கழகம் அந்த வேலையையே எடுக்கக்கூடாது. காசு கொடுக்கிறவன் சொல்கிறபடி சான்றிதழ் அடிக்கிற அச்சகமா அது, இல்லை நிமிர்ந்து நிற்கிற இடமா என்று அங்கேதான் தெரியும்.

#20 பழைய ஹெல்மெட்

நேற்று நிர்வாகத்தோடு உட்கார்ந்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

தொழிலாளர்களுக்கான ஐந்து நாள் வகுப்பை வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பணத்தில் எங்கள் ஃபிட்டர்களிலேயே எட்டுப் பேரைப் பயிற்றுநர்களாக்க வேண்டும், எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கற்றுத் தரட்டும், எதைச் சொல்லிக் கொடுப்பது என்பது அவர்களிடமே இருக்கிறது என்றேன். டிப்ளமோவை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மேற்பார்வையாளரோடு வடிவமைப்புப் பிரிவுப் பொறியாளரும், கொள்முதல் மேலாளரும் உட்கார வேண்டும். கையுறை வாங்குவது அவர்தான். புகை, சத்தம், தூசி அளப்பதற்கு அவர்களுடைய கருவியும் ஆளும் வேண்டும், முடிவுகள் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். இரண்டு புராஜெக்ட் மாணவர்கள். கொடி ஐயா சொன்ன எழுத்து உத்தரவாதத்தையும் முதல் பக்கத்திலேயே வைத்தேன்.

கொள்முதல் மேலாளர் எதற்கு என்று இரண்டு தரம் கேட்டார்கள். உத்தரவாதத்தைச் சட்டப் பிரிவு பார்க்க வேண்டுமாம். ஐந்து நாள் வகுப்பு போனால் தணிக்கைக்கு எத்தனை சான்றிதழ் குறையும் என்று கணக்கு கேட்டிருக்கிறார்கள். மற்றவற்றுக்கு உடனே மறுப்பு வரவில்லை.

பின்வரிசையில் கை தூக்கிய அந்த ஃபிட்டரைப் போய்ப் பார்த்தேன். பயிற்றுநராக வருகிறாயா என்றேன். "ஸ்லைடு போடச் சொல்ல மாட்டீர்களே?" என்று கேட்டார்.

#21 மூன்றாம் ஷிஃப்ட்

சார், ஹாஸ்ப் வாங்கியாச்சா?

#22 பழைய ஹெல்மெட்

பன்னிரண்டு வந்திருக்கிறது. பூட்டு அடுத்த வாரம். நெயில் பாலிஷ் என் செலவு.